கயிற்றுக்கு இந்தப் பக்கம்

மேலப்புதூர்ப் பெரிய கோயிலுக்குப் பின்சந்தில் மூன்றாவது வீட்டு நிலைக்கு மேல் ஒரு மரப்பலகை இருந்தது. ‘ச. தைரியராஜ், பி.ஏ.’ என்று பச்சைப் பெயிண்டில் எழுதியது. வெயிலிலும் மழையிலும் பெயர் மங்கினாலும் மங்கும், அந்த ‘பி.ஏ.’ மட்டும் மங்காது. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அவரே ஸ்டூலில் ஏறி நின்று அந்த இரண்டெழுத்தைத் தொட்டு எழுதிவிடுவார்.

அதில் தப்பு ஒன்றுமில்லை. முசிறிக்கு மேற்கே அவர் பிறந்த ஊரில் அதுவரை ஒருவரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை. ஐம்பத்திரண்டில் அவர் சரித்திரத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு முசிறி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, ஊர்க்காரர்கள் வாழைத்தார் ஏற்றுகிற வண்டியில் ஜமுக்காளம் விரித்து அவரை உட்காரவைத்து, திருவிழாவுக்கு அடிக்கிற மேளத்தை அடித்துக்கொண்டு கோயில்வரை கூட்டிப்போனார்கள். அப்பா மாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த நாளை நினைத்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் நெஞ்சு நிமிராது?

“எல்லாரும் அந்த வண்டியிலேருந்து எறங்கி வீட்டுக்குப் போயிட்டாங்க. இவரு மட்டும் இன்னும் எறங்கல” என்று அவர் மனைவி லூர்துராணி சொல்வாள். அவர் காதுபடத்தான் சொல்வாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

லூர்துராணி லால்குடிப் பக்கம். எட்டாவதுவரை படித்தவள். குரல் நன்றாக இருக்கும். பெரிய கோயில் பாடல் குழுவில் பத்து வருஷம் பாடினாள். அவளுடைய அப்பா சவரிமுத்து, யுத்தத்துக்கு முந்தி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குத் தோட்டத்துக்குப் போனவர். அப்போது அவளுக்கு நாலு வயது. போய்ச் சேர்ந்ததும் யாரையோ எழுதச் சொல்லி ஒரே ஒரு கடிதம் போட்டார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை, பணம் இல்லை, செத்தாரா இருந்தாரா என்கிற சேதியும் இல்லை. அந்தக் கடிதம் லூர்துராணியின் செபப் புத்தகத்துக்குள் இருந்தது. கல்யாணமான புதிதில் அவளே எடுத்துத் தைரியராஜிடம் காட்டினாள்.

‘கரை கண்ணுக்குத் தெரிகிற மட்டும் அழுகை அடங்கவில்லை. கரை மறைந்ததும் அழுகையும் நின்றுபோச்சு. குழந்தை லூர்துவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.’

“எழுத்துப்பிழை நாலு இருக்கு” என்றார் தைரியராஜ்.

“இருக்கட்டும். எனக்கு ஒரு ஆசைங்க. கப்பல்ல ஏறி, கரை தெரியாத எடத்துல ஒரு தடவை நின்னு பாக்கணும். பெத்த புள்ளைய மறக்கவைக்கிற எடம் எப்படித்தான் இருக்கும்னு தெரியணும். அப்புறம் அந்த மனுசன நெனச்சு நான் கோவப்பட மாட்டேன்.”

“வேளாங்கண்ணியில பாத்தோமே கடல.”

“அது கரையில நின்னு பாத்தது.”

அவருக்கு அது புரிந்தது. புரியவில்லை என்று அவரால் பிற்காலத்தில் ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

எழுபத்து நான்கில் கோவாவில் புனித சவேரியாரின் உடலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள் என்ற சேதி வந்தது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வைப்பது. மேலப்புதூரில் மெழுகுவத்தியும் புனிதர்களின் சுரூபங்களும் விற்கிற கடை வைத்திருந்த பிலோமின்ராஜுக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. ரயிலில் எல்லோரும் போவார்கள்; சவேரியார் ரயிலிலா வந்தார்? பம்பாய்வரை ரயிலில் போய், அங்கிருந்து கோவாவுக்குக் கப்பலில் போனால் என்ன? கப்பலின் மேல்தளத்தில் பாதியை மொத்தமாகப் பதிவு செய்துகொள்வது. பகல் முழுக்க சவேரியார் கப்பலாகவே அதை மாற்றிவிடுவது. முன்னால் ஒரு பீடம், கொடி, தோரணம், செபமாலை, பாட்டு, வினாடி வினா, சவேரியார் சரித்திரத்தில் சொற்பொழிவு. ஆளுக்கொரு பேட்ஜ், அதில் சிலுவையைக் கவ்விக்கொண்டு கரையேறும் நண்டின் படம். கடலில் தவறவிட்ட சிலுவையை சவேரியாருக்கு நண்டு கொண்டுவந்து கொடுத்ததாகக் கதை உண்டல்லவா, அதற்காக.

“கப்பல்ல இங்கிலீஷ் பேசணும், இந்தி பேசணும். நமக்கு மெழுகுவத்தி பாஷைதான் தெரியும். நீங்கதான் செக்ரட்டரி” என்று பிலோமின்ராஜ் தைரியராஜின் கையைப் பிடித்தார்.

அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து சைக்கிளை வேகமாக மிதித்து வந்து தைரியராஜ் விஷயத்தைச் சொன்னார். லூர்துராணி அடுப்பிலிருந்ததை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு செபப் புத்தகத்தை எடுத்துவந்தாள்.

“கரை தெரியாம போகுமா?”

“போகும் போகும். ஆனா ஒண்ணு, உங்கப்பா போனது வங்காள விரிகுடா. இது அரபிக்கடல்.”

“தண்ணி ஒண்ணுதானே?”

“பி.ஏ. படிச்சவன் பொண்டாட்டி பேசற பேச்சா இது?” என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்த மாதம் முழுக்க அவள் பாடிக்கொண்டே இருந்தாள் என்று அவருக்கு ஞாபகம். மகளைத் தங்கை வீட்டில் விட ஏற்பாடு செய்தாள். புளிச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல் கிளறி இரண்டு ஜாடியில் அடைத்தாள். கப்பலில் கட்டிக்கொள்ள நீலத்தில் வெள்ளைக் கரை போட்ட ஒரு சேலையைத் தனியாக எடுத்து வைத்தாள்.

தைரியராஜும் சும்மா இருக்கவில்லை. ஆபீஸ் முடிந்து உட்கார்ந்து நிகழ்ச்சி நிரல் தயாரித்தார். சைக்ளோஸ்டைலில் எடுத்த நாலு பக்கம். பத்து முப்பதுக்குத் தொடக்கச் செபம் என்று ஆரம்பித்து, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, தலைசுற்றல் வந்தவர்கள் எங்கே போய் உட்கார வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. ஏழாவது விதி இது: ‘கோயிலில் உள்ளபடியே கப்பலிலும் பீடத்தைப் பார்த்து ஆண்கள் வலப்பக்கமும் பெண்கள் இடப்பக்கமும் அமரவேண்டும்.’

டிசம்பர் முதல் வாரம் பம்பாய்த் துறைமுகத்தில் எண்பத்தைந்து பேர் கப்பல் ஏறினார்கள். ஆண்கள் ஐம்பது, பெண்கள் முப்பத்தைந்து. ஏறியதும் தைரியராஜ் முதல் வேலையாக, மூட்டை கட்டுவதற்கென்று காந்தி மார்க்கெட்டில் வாங்கிவந்திருந்த தேங்காய்நார்க் கயிற்றை எடுத்தார். கப்பலின் முன்பக்கம் பீடம் வைத்த மேசைக் காலில் ஒரு முனையைக் கட்டி, நடுவாக இழுத்துக்கொண்டுபோய்ப் பின்னாலிருந்த இரும்புத் தூணில் மறுமுனையைக் கட்டினார். தளம் இரண்டாகப் பிரிந்தது.

“கோயில்லதான் பிரிச்சு உக்காரவைப்பீங்க, கடல்லயுமா சார்?” என்றான் பாலக்கரையிலிருந்து வந்திருந்த ஒரு இளவட்டம். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்.

“சவேரியாரைப் பாக்க வந்தியா, சம்சாரத்தப் பாக்க வந்தியா?”

“ரெண்டு பேரையும் பாக்கலாம்னுதான் டிக்கெட் எடுத்தேன்.”

பிலோமின்ராஜ் வேறு கவலைப்பட்டார். “செக்ரட்டரி சார், அம்பது ஆம்பளை ஒரு பக்கம், முப்பத்தஞ்சு பொம்பளை ஒரு பக்கம். கப்பல் சாஞ்சிடாது?”

“மூட்டையெல்லாம் பொம்பளைங்க பக்கம் வெச்சாச்சு. சரியாப் போயிடும்” என்றார் தைரியராஜ். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். பிலோமின்ராஜ் நிம்மதியாக மூச்சு விட்டார்.

மூட்டைக்குக் காவல் வேண்டும் அல்லவா? லூர்துராணியைக் கூப்பிட்டு இடப்பக்கம் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து உட்காரச் சொன்னார். “நீ இங்க அசையாம உக்காந்திருந்தாத்தான் மத்த பொம்பளைங்களும் உக்காருவாங்க. செக்ரட்டரி வீட்டு ஆளு நீ” என்றார். அவள் நீலச் சேலையை முழங்காலுக்குக் கீழ் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

சரித்திரம் படித்தவருக்குப் பூகோளமும் தெரிந்திருந்தது. பம்பாயிலிருந்து கோவாவுக்குக் கப்பல் தெற்கே போகும். கரையை ஒட்டியே போகும். தெற்கே பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் கரை, வலக்கைப் பக்கம் கடல். மேப்பைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்தக் காலையில் அவருக்கு அது தோன்றவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நேராக, விறைப்பாக, அழகாக நின்ற அந்தக் கயிறு.

துறைமுகம் பின்னால் போய், கப்பல் நிதானமாக ஓட ஆரம்பித்தபின் வலப்பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஆகாசம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு வெளி. தைரியராஜே ஒரு நிமிஷம் நிகழ்ச்சி நிரலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். அப்புறம் மறுபடி எடுத்துவிட்டார்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு, முதல் செபமாலை முடிந்து பாட்டுக்கு முன்னால், லூர்துராணி எழுந்து கயிற்றுக்கு அருகில் வந்தாள்.

“ஏங்க.”

அவர் பாட்டரியில் ஓடும் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பக்க எண் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன லூர்து?”

“நான் கொஞ்சம் அந்தப் பக்கம் வந்து பாத்துட்டு ஓடிடட்டுமா?”

“என்னத்தப் பாக்க?”

“கரை தெரியாத பக்கத்த.”

அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கடிதம், நாலு எழுத்துப்பிழை, எல்லாம். கூடவே, எண்பது பேர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. முன்வரிசையில் வயதான சாமியார் ஒருவர், காலேஜ் வாத்தியார்கள் இரண்டு பேர்.

“செக்ரட்டரி பொண்டாட்டியே கயித்தத் தாண்டினா அப்புறம் எவன் என் பேச்சைக் கேப்பான்? சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன். போய் உக்காரு” என்றார்.

மெல்லத்தான் சொன்னார். ஆனால் மைக் அணைக்காமல் இருந்தது. கப்பலின் கீழ்த்தளத்தில் கோழிக்கூண்டோடு உட்கார்ந்திருந்த மராத்திக்காரர்களுக்குக்கூட அந்தக் குரல் கேட்டிருக்கும். இந்தப் பக்கம் ஐம்பது ஆண்களும் சிரித்தார்கள். பாலக்கரை இளவட்டம், “அப்பாடா, நமக்கு மட்டும் இல்லப்பா!” என்று தொடையில் தட்டினான். அந்தப் பக்கம் பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். லூர்துராணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

ஒரு மணிக்கு ஆண்கள் முதல் பந்தியாகக் கீழே சாப்பிடப் போனார்கள். மூன்று மணிக்கு வெயில் மேற்கே சாய்ந்து ஆண்கள் தலையில் இறங்கியது. பெண்கள் பக்கம் நிழல். “பாத்தீங்களா, ஏழாவது விதியில பொம்பளைங்களுக்குத்தான் லாபம்” என்று தைரியராஜ் மைக்கிலேயே சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நாலரைக்கு அவருடைய சொற்பொழிவு. சவேரியார் லிஸ்பனில் கப்பல் ஏறியதிலிருந்து மலாக்கா போனதுவரைக்கும் பேசினார். அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். பேசும்போது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். எதிரே சூரியன் தண்ணீரில் இறங்கியது. அன்றைக்குப் பேசியதுபோல் அவர் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. சாமியார் எழுந்து வந்து, “தைரியராஜ், நீ வாத்தியாராப் போயிருக்கணும்ப்பா” என்று தோளைப் பிடித்தார்.

எல்லோரும் பாராட்டி முடித்தபோது இருட்டிவிட்டது. அப்போதுதான் சாயங்காலம் கூட்டிப்போகிறேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. கயிற்றைத் தாண்டிப் போய், பாயில் உட்கார்ந்திருந்தவளிடம் குனிந்து கேட்டார்.

“பாத்தியா?”

“பாத்தேன்” என்றாள் லூர்துராணி.

எதைப் பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலை கோவா. வரிசையில் நாலு மணி நேரம் நின்று, கண்ணாடிப் பேழைக்குள் இருந்த சவேரியாரைப் பார்த்தார்கள். திரும்பும்போது எல்லோருக்கும் ரயில்.

அந்தக் கப்பல் பயணம் தைரியராஜின் வாழ்க்கையில் பலகைக்கு அடுத்தபடியான பெருமையாக ஆகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி வருவதற்குள் கப்பல் வந்துவிடும். “நாலா பக்கமும் தண்ணிங்க. கரைங்கிறதே இல்ல. மனுசன்னா எவ்வளவு பெரிசு, கடல்னா எவ்வளவு பெரிசு, அங்க நின்னாத்தான் தெரியும்” என்பார். லூர்துராணி டம்ளரை வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து கேட்பாள். முதல் தடவை கேட்கிறவள் மாதிரி கேட்பாள். அவருக்கு அது பிடித்திருந்தது. நம் கதை இவளுக்கு அலுப்பதே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம், ஆபீசில் அவரோடு வேலை பார்த்த கஸ்தூரிரெங்கனின் வீட்டுக்கு ஸ்ரீரங்கம் போனார்கள். கஸ்தூரிரெங்கனுக்குப் பதவி உயர்வு; சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போயிற்று. ஜன்னலோரம் இருந்த லூர்துராணி, “எவ்வளவு தண்ணி வந்தாலும் ரெண்டு பக்கமும் கரை தெரியுது பாருங்க” என்றாள்.

“ஆறுன்னா கரை இருக்காதா?” என்றார் அவர். பஸ் மாம்பழச்சாலை தாண்டிவிட்டது.

உத்திர வீதியில் கஸ்தூரிரெங்கன் வீட்டுக் கூடத்தில் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் தைரியராஜ் கப்பலை எடுத்தார். கஸ்தூரிரெங்கன் ஆபீசில் இதை இருபது தடவை கேட்டவர். மரியாதைக்கு இருபத்தோராவது தடவையும் கேட்டார். அவர் மனைவிக்குத்தான் புதிது.

“எங்க பெருமாள் பாற்கடல்ல சயனிச்சுண்டிருக்கார். தினம் போய்ச் சேவிக்கறேன். நான் இன்னிவரைக்கும் ஒரு கடலைப் பார்த்ததில்லை” என்று அந்த அம்மாள் லூர்துராணியின் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கோளேன். கரையே தெரியாத எடத்துல எப்படி இருந்தது? பயமா இருந்ததா?”

“அவரைக் கேளுங்க மாமி. அவருதான் பாத்தாரு” என்றாள் லூர்துராணி.

எல்லோரும் சிரித்தார்கள். “சரியாச் சொன்னேள். இந்தாத்துலயும் அப்படித்தான். பார்க்கறதெல்லாம் இவர், சமைக்கறது நான்” என்றார் மாமி. தைரியராஜும் சத்தமாகச் சிரித்தார். பிறகு அவர் ஆயுசு முழுக்க நினைத்து நினைத்து வெட்கப்பட்ட சிரிப்பு அது. அவள் அன்றைக்கு நாலு பேர் நடுவில், ஒளிக்காமல், உள்ளதை உள்ளபடி சொன்னாள். அதற்குமேல் ஒருத்தி எப்படித்தான் சொல்வாள்?

எண்பத்து மூன்றில் ஐப்பசி மழைக்கு நடுவே லூர்துராணிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆட்டோவில் தில்லை நகர் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் இருந்தாள். நாற்பத்தொன்பது வயது. அடக்கம் முடிந்து, கே.கே. நகரில் கட்டிக்கொடுத்திருந்த மகள், “அப்பா, எங்க வீட்டுக்கு வந்துடுங்க” என்றாள். பலகை தொங்குகிற வீட்டை விட்டு வர அவருக்கு மனமில்லை.

மறுவருஷம் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ரோசரி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். லூர்துராணியோடு பாடல் குழுவில் பாடியவள், அந்த முதல் கப்பலில் வந்தவள். கையில் பிலோமின்ராஜ் கொடுத்தனுப்பிய நோட்டீஸ்.

“பத்து வருசமாயிடுச்சு சார். திரும்பவும் சவேரியார் கப்பல் விடறாங்க. நீங்கதான் செக்ரட்டரியா இருக்கணும்னு கடைக்காரர் சொல்லிவிட்டாரு. இந்தத் தடவை கயிறு மட்டும் வேணாமாம்.” டீச்சர் சிரித்தாள்.

“ஏன், கயித்தால ஒழுங்கா இருந்துச்சே.”

“நல்லா இருந்துச்சு ஒழுங்கு! உங்ககிட்ட இப்ப சொன்னா என்ன? நீங்க ஆம்பளைங்கள்லாம் கீழ சாப்பிடப் போனீங்கள்ல, நான்தான் கயித்தத் தூக்கிப் பிடிச்சேன். அத்தனை பொம்பளைங்களும் குனிஞ்சு அந்தப் பக்கம் ஓடிட்டோம். அரைமணி நேரம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். அடேயப்பா, என்ன கடல் சார் அது! உங்க மாடிப்படிச் சத்தம் கேட்டதும் திரும்ப ஓடிவந்து கண்ண மூடிக்கிட்டு செபமாலை உருட்டினோம்.”

தைரியராஜுக்கும் சிரிப்பு வந்தது. “திருட்டுக் கூட்டம். லூர்துவும் உங்களோட சேர்ந்துதானா?”

டீச்சரின் சிரிப்பு நின்றது. நோட்டீசை ஒருதரம் மடித்தாள்.

“அவங்க வரல சார்.”

“வரலையா?”

“கையப் பிடிச்சு இழுத்தேன். வரமாட்டேனுட்டாங்க. ‘மைக்ல சொல்லிட்டாரு டீச்சர், நான் தாண்டினா அவருக்குத்தான் அசிங்கம்’னாங்க. ‘சாயங்காலம் அவரே கூட்டிட்டுப் போறேன்னிருக்காரு’ன்னாங்க. சாயங்காலம் நீங்க பேசிட்டிருந்தீங்க. அவங்க தலைய வாரி, பூ வெச்சு, எழுந்து நின்னுக்கிட்டே இருந்தாங்க. இருட்டினப்புறம் உக்காந்தாங்க. நீங்க அப்புறமா ரயிலேறும்போதோ எப்பவோ காட்டியிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

ரயிலில் எந்தக் கடலைக் காட்டுவது?

அவள் போனபின் தைரியராஜ் அலமாரியிலிருந்து பழைய மேப் புத்தகத்தை எடுத்தார். பம்பாயில் விரலை வைத்துக் கோவாவரை இறக்கினார். இடப்பக்கம் கரை. மறுபடி மேலே போய் மறுபடி இறக்கினார். இடப்பக்கம் கரைதான். அப்புறம் லூர்துராணியின் செபப் புத்தகத்தை எடுத்தார். ஒரு வருஷமாக அதைத் தொடவே இல்லை. மாமனாரின் கடிதம் இருந்தது. மடிப்பில் கிழிந்து, இரண்டாக. அதன்கூட நண்டு போட்ட பேட்ஜும், சைக்ளோஸ்டைல் நிகழ்ச்சி நிரலும் இருந்தன. நிரலில் அவள் ஒன்றையும் அடிக்கோடிடவில்லை, ஒன்றையும் எழுதிவைக்கவில்லை. எங்கேயாவது ஒரு கோடு இருக்காதா என்று நாலு பக்கத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அன்றைக்கு அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

‘பாத்தியா’ என்று கேட்டதற்கு ‘பாத்தேன்’ என்றாளே. பொய்யில்லை. பகல் முழுக்கக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பிலோமின்ராஜ் கடைக்குப் போனார்.

“வாங்க செக்ரட்டரி சார்!”

“நான் வரேன். செக்ரட்டரி வேற ஆளப் பாருங்க.”

“என்ன சார் இது? சொற்பொழிவு?”

“அதுவும் வேணாம். மூட்டைக்குக் காவல் இருக்கேன்” என்றார்.

எண்பத்து நான்கு டிசம்பரில் அதே துறைமுகம், அதேமாதிரிக் கப்பல். ஜனங்கள்தான் மாறியிருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி பிள்ளைகுட்டி என்று கலந்து உட்கார்ந்தார்கள். யாரோ டேப்ரிக்கார்டரில் பக்திப் பாட்டுப் போட்டார்கள். கப்பல் கிளம்பியதும் எல்லோரும் வலப்பக்கக் கம்பிக்கு நெருக்கியடித்துக்கொண்டு ஓடினார்கள். பிலோமின்ராஜ் வயதான காலத்திலும் பழைய கவலையை விடவில்லை. “எல்லாரும் ஒரே பக்கம் போகாதீங்கப்பா, சாஞ்சுடப்போகுது!” என்று கத்தினார்.

தைரியராஜ் இடப்பக்கம் மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்து உட்கார்ந்தார். மடியில் செபப் புத்தகம்.

கரை கூடவே வந்தது. முதலில் பம்பாய்க் கட்டடங்கள். பிறகு செம்மண் குன்றுகள். தென்னை வரிசை. சின்ன வெள்ளைக் கோயில் ஒன்று. அது மாதா கோயிலா மசூதியா என்று தெரிவதற்குள் போய்விட்டது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாழடைந்த கோட்டை. வலை போட்ட படகுகள். திருச்சியிலிருந்து முசிறிக்குப் பஸ்ஸில் போனால் ஜன்னலில் வருவதுபோலத்தான் ஒவ்வொன்றாக வந்தன. அவள் இதைத்தான் பார்த்திருக்கிறாள். இங்கே உட்கார்ந்துகொண்டு, முதுகுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், அப்பா போன கடலை வைத்துக்கொண்டு.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் கீழே இறங்கினார்கள். தளம் காலியானது. நடுவில் கயிறு இல்லை. எழுந்து நடந்தால் பத்தே அடி. அவர் எழுந்திருக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு ரோசரி டீச்சர் காப்பியோடு வந்தாள். “சார், காலையிலேருந்து இங்கயே உக்காந்திருக்கீங்க. கடல் அந்தப் பக்கம்.”

“தெரியும் டீச்சர்.”

“வந்து பாருங்க. மேற்கே எப்படிச் செவந்துகிட்டு வருதுன்னு.”

“நான் பாத்துட்டேன்” என்றார் அவர். “போன தடவையே பாத்துட்டேன்.”

டீச்சர் காப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பின்னால் கூட்டம் ஆரவாரம் செய்தது; சூரியன் தண்ணீரைத் தொட்டிருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை. மடியிலிருந்த கடிதத்தின் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துப் படித்தார். நாலு எழுத்துப்பிழைகளும் அப்படியே இருந்தன. கரை மறைந்ததும் அழுகையும் நின்றுபோச்சு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். தென்னை வரிசை போய்க்கொண்டே இருந்தது. வெளிச்சம் குறையக் குறைய, கரையில் ஒவ்வொரு ஊராக விளக்குப் போட ஆரம்பித்தார்கள்.